ஸ்ட்ரீமர் ஃப்ளை கட்டுவது எப்படி? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடமுருட்டி ஆற்றங்கரையில் ஃப்ளை ராடோடு (போலி இரை வீசும் தூண்டில் கோல்) நின்றால் பத்து நிமிடத்துக்கு ஒருவர் வண்டியை நிறுத்துவார். முதல் கேள்வி பெரும்பாலும் "என்னண்ணே, சாட்டையா?" என்றுதான் இருக்கும். நூல் நுனியில் தொங்கும் இறகுக் குஞ்சத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டால் பேச்சு நீண்டுவிடும். வீட்டில் போய்க் கட்டிப் பார்த்துவிட்டு மறுவாரம் சந்தேகத்தோடு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். ஒரே பதிலை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது ஈயா, பூச்சியா? ஸ்ட்ரீமர்னா என்ன?

இறகு, முடி, நூல் இவற்றைத் தூண்டில் முள்ளில் கட்டிச் செய்யும் போலி இரைக்குத்தான் ஃப்ளை என்று பெயர். எல்லாமே ஈ மாதிரி இருக்காது. தண்ணீர்மேல் மிதக்கும் பூச்சியைப் போலக் கட்டுவது ஒரு வகை. தண்ணீருக்குள் நீந்தும் பொடிமீன், அயிரை, அட்டை, இறால் போலக் கட்டுவது ஸ்ட்ரீமர். இழுக்கும்போது இறகும் முடியும் பின்னால் நீண்டு அலையும்; அதனால் அந்தப் பெயர்.

மிதக்கும் பூச்சி வகை குளிர்ந்த மலையாற்று டிரவுட் மீனுக்குப் பேர் போனது. நம் வாய்க்காலில் இரை துரத்துகிற மீன் பொடிமீனைத்தான் தேடுகிறது. அதனால் டெல்டாவுக்கு ஸ்ட்ரீமரே போதும் என்பது என் கட்சி.

ஃப்ளை ராடு இல்லாம இதைப் போட முடியாதா?

போடலாம். ஃப்ளை ராடில் வீசும்போது பறப்பது தடித்த நூலின் எடை. ஃப்ளை அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது. சாதாரண ஸ்பின்னிங் ராடில் நூலுக்கு எடை இல்லை, ஆகவே நுனியில் எடை வேண்டும். கண் வைத்த கனமான ஸ்ட்ரீமரை (கண் பற்றிக் கீழே தனிக் கேள்வி வருகிறது) அப்படியே வீசலாம். லேசானது என்றால், தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் மிதப்பைக் கட்டி அதற்குக் கீழே மூன்றடி தங்கூஸ் (நைலான் தூண்டில் நூல்) விட்டு ஃப்ளையைக் கட்டுங்கள்.

மூங்கில் கோல் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. பாசிக்கு நடுவில் இருக்கும் திறப்பில் ஃப்ளையை மெல்ல இறக்கி, நுனியை ஆட்டி ஆட்டித் தூக்கினால் கொரவை வந்து கவ்வும்.

எந்த மீனெல்லாம் அடிக்கும்? கட்லா, ரோகு வருமா?

விரால், கொரவை, வாளை ஆகியவை துரத்தித் தின்பவை. அவைதான் முதல் குறி. ஜிலேபி பாசி தின்கிற மீன்தான் என்றாலும் சின்ன ஸ்ட்ரீமரைக் கடிக்கும், முக்கியமாகக் கூட்டைக் காக்கிற நேரத்தில். முகத்துவாரப் பக்கம் போனால் கொடுவா, செப்பிலி.

கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிரை வடிகட்டித் தின்கிறது, மிர்கால் அடிச்சேற்றைத் துழாவுகிறது, ரோகு பெரும்பாலும் தாவரம். இவற்றுக்காக ஸ்ட்ரீமர் கட்டி உட்கார்ந்தால் பொழுதுதான் போகும். இன்னொன்று: ஊர்க்குளங்களில் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நூலை வீசாதீர்கள்.

மொத்தம் என்னென்ன சாமான் வேணும்? எல்லாம் வெளிநாட்டுல இருந்து வரணுமா?

முள் தவிர வேறெதையும் நான் கும்பகோணம், தஞ்சாவூர் தாண்டித் தேடியதில்லை. முள்ளைப் பிடிக்க ஒரு வைஸ் வேண்டும். நகைப்பட்டறையில் இருக்கும் கைவைஸை ஒரு பலகையில் இறுக்கிக் கட்டினாலும் வேலை நடக்கும். அப்புறம் நுனி கூரான சின்னக் கத்தரிக்கோல், ஒரு ஊசி, நூல் உருளையைத் தொங்கவிடும் பாபின். பாபினை மட்டும் காசு கொடுத்து நல்லதாக வாங்கிவிடுங்கள்.

நூலுக்கு எம்ப்ராய்டரி மெஷினில் போடும் 120 டெனியர் பாலியெஸ்டர் நூல். தையல் நூல் தடிமன் அதிகம், தலை உருண்டையாகிவிடும். எடைக்கு ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கும் சால்டரிங் ஈயக் கம்பி, 1 மி.மீ. போதும். மோட்டார் காயில் கட்டும் கடையில் மீந்த மெல்லிய செம்புக் கம்பி கேட்டால் ஒரு சுருளைச் சும்மாவே கொடுப்பார்கள். உடலுக்கு உல்லன் நூல். மினுக்கத்துக்கு மாலையில் கட்டும் ஜிகினா. இறகுக்குக் கறிக்கடை. தலை பூசக் கலர் இல்லாத நகப்பூச்சு, நடுவில் ஒட்ட ஃபெவிக்விக்.

சரிகை நூலைச் செம்புக் கம்பிக்குப் பதில் சுற்றலாமா என்று திருபுவனத்துத் தறிக்காரத் தம்பி ஒருவர் கேட்டார். சுற்றலாம், பார்வைக்குப் பிரமாதம். ஆனால் ஜிலேபிப் பல்லில் அது இழை இழையாகப் போய்விடுகிறது. அடியில் செம்பு, மேலே அழகுக்குச் சரிகை என்றால் சரி.

முள் நம்பர் ஒண்ணும் புரியல. எது பெருசு, எது சின்னது?

நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும்: 10 சின்னது, 4 அதைவிடப் பெரிது, 2 இன்னும் பெரிது. 1-ஐத் தாண்டினால் கணக்கு திரும்பிவிடும்: 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏறப் பெரிதாகும். ஜிலேபிக்கு 8 அல்லது 10, விராலுக்கு 4 அல்லது 2, கொடுவாவுக்கு 1/0 முதல் 2/0.

ஸ்ட்ரீமருக்குத் தண்டு (முள்ளின் நேரான பகுதி) நீண்ட முள் கேளுங்கள். நம்பர் குழப்பினால் முதல் முள்ளைக் கண்ணால் பார்த்து வாங்கலாம்: தண்டு சுமார் 3 செ.மீ. இருந்தால் பழகுவதற்குச் சரியான அளவு. இந்தப் பக்கம் முழுக்க முள்ளில் நூல் கோக்கும் துளையைக் காது என்கிறேன், ஊசிக் காது மாதிரி. கண் என்றால் ஃப்ளைக்கு வைக்கிற கண்.

முதல்ல எதைக் கட்டிப் பழகறது?

ஊலி பக்கர். அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸ்ஸல் பிளெசிங் 1967-இல் கட்டியது. நீரில் வாழும் ஒரு பூச்சியின் புழுவை மனதில் வைத்துத்தான் கட்டினார். ஆனால் மீனுக்கு அது அட்டையாகவும் தெரிகிறது, அயிரையாகவும் தெரிகிறது, தலைப்பிரட்டையாகவும் தெரிகிறது. ஒரு வால், ஓர் உடல், மேலே சுற்றிய ஓர் இறகு, அவ்வளவுதான். இதில் வரும் எல்லாக் கைவேலையும் மற்ற ஸ்ட்ரீமர்களுக்கும் வேண்டியதே.

சரி, படிப்படியா சொல்லுங்க.

முள்முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூருக்குப் பார்ப் என்று பெயர். அதை முதலில் குறடால் நசுக்கிவிடுங்கள். வீசும்போது முள் உங்கள் தலைக்குப் பின்னால்தான் பறக்கிறது. முள்ளின் வளைவை வைஸில் கவ்வவிடுங்கள், காது வலப்பக்கம், தண்டு தரைக்கு இணையாக. காதுக்கு அடுத்து ஒரு காதளவு இடம் விட்டு நூலைத் தொடங்கி, வளைவு தொடங்கும் இடம் வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். நூல் மேலாக உங்களை விட்டு அப்பால் போய்க் கீழாகத் திரும்ப வேண்டும். இந்த நூல்படுக்கை இல்லாமல் வழவழத் தண்டில் எதைக் கட்டினாலும் சுழலும். அதன்மேல் தண்டின் முன்பாதியில் ஈயக் கம்பி 10 சுற்று. காதுக்கும் கம்பிக்கும் நடுவில் 4 மி.மீ. காலியாக இருக்கட்டும். கம்பியின் இரண்டு முனையையும் நூலால் அணைகட்டி, ஒரு சொட்டு ஃபெவிக்விக்.

இப்போது வால். வான்கோழி இறகின் அடியில் இருக்கும் மெத்தென்ற பஞ்சு இதற்கு. மாராபூ என்று பெட்டியில் அடைத்து விற்பதும் இந்த வான்கோழிப் பஞ்சுதான். பெயர் மட்டும் பழைய நாரையினுடையது. விரலை நனைத்து நீவினால் பஞ்சு அடங்கும். வால் நீளம் தண்டின் நீளம், அதற்கு மேல் வேண்டாம். வாலின் அடிப்பகுதியை வெட்டிவிடாமல் ஈயக் கம்பி தொடங்கும் இடம் வரை தண்டோடு படுக்கவைத்துக் கட்டினால் உடல் மேடுபள்ளம் இல்லாமல் வரும். பக்கத்துக்கு மூன்று இழை ஜிகினா. அதே இடத்தில் செம்புக் கம்பியையும் உல்லனையும் கட்டிவிட்டு, நூலை முன்னே கொண்டுவாருங்கள். பிறகு உல்லனை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்து காதுக்கு 4 மி.மீ. முன்னால் கட்டி வெட்டுங்கள். கம்பி பின்னாலேயே தொங்கட்டும்.

கடைசியில் சேவல் இறகு. அதன் இழை முள்ளின் வாயகலத்தைப் (தண்டுக்கும் முள்முனைக்கும் நடுவில் உள்ள அகலம்) போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். இறகின் அடித்தண்டுப் பக்கத்தைக் காதருகே கட்டி, அங்கேயே இரண்டு சுற்று, பிறகு இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்றில் வால் வரை பின்னோக்கிப் போங்கள். அங்கே தொங்கும் செம்புக் கம்பியால் இறகு நுனியை இரண்டு சுற்றில் பிடித்து, கம்பியை இறகின் ஊடே முன்னோக்கிக் கொண்டுவாருங்கள். இறகு ஒரு பக்கமாகவும் கம்பி எதிர்ப்பக்கமாகவும் ஏறுவதால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி இறகுத் தண்டைக் குறுக்காக அழுத்தும். கம்பியை ஆட்டி ஆட்டிச் சுற்றினால் இழை நசுங்காது. நசுங்கியதை ஊசியால் எடுத்துவிடலாம். கம்பியை நூலால் இறுக்கிக் கட்டி, முன்னும் பின்னும் மடக்கினால் ஒடிந்துவிடும். கத்தரிக்கோலைக் கம்பியில் வைக்காதீர்கள். தலையில் நூலைக் கூம்பாகச் சுற்றி முடிச்சிட்டு நகப்பூச்சு. காய்ந்ததும் இன்னொரு பூச்சு.

பார்க்க அழகா வருது, ஆனா ரெண்டு மீன்ல பிரிஞ்சு போயிடுது. எங்க தப்பு?

எனக்கும் இதேதான் நடந்தது. முதன்முதலில் கட்டிய ஆறு ஃப்ளையையும் கோடையில் ஒரு மடுவுக்கு எடுத்துப்போனேன். பொழுது சாய்வதற்குள் ஆறும் மொட்டை முள்ளாகிவிட்டன. அடித்ததெல்லாம் உள்ளங்கை அளவு ஜிலேபி. அதன் பொடிப்பல் அரம் மாதிரி. இறகுத் தண்டை ஓரிடத்தில் அறுத்தால் போதும், மீதி தானாகக் கழன்றுவிடும். அன்றைக்கு நான் செம்புக் கம்பியே போடவில்லை.

முன்பதிலில் சொன்ன குறுக்குக் கம்பி இருந்தால் இறகு ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இடங்களில் நிற்கும். அதையும் போட்டுப் பிரிகிறது என்றால் வாலை விரலால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். சுழன்றால் நூல்படுக்கை சரியில்லை, அல்லது நூலைப் பயந்து பயந்து இழுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பொருளையும் கட்டியதும் ஒரு முறை நூலை அறுகிற எல்லை வரை இறுக்க வேண்டும். சுற்று எண்ணிக்கை கூடினால் பலம் கூடாது. இறுக்கமான நாலு சுற்று, தொளதொளவென்ற பதினைந்தைவிட மேல்.

கடைசி முடிச்சு வரவே மாட்டேங்குது. வீடியோவுல கை வேகமா போகுது, ஒண்ணும் தெரியல.

அதற்கென்று கருவி விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வீட்டில் பூக்கட்டத் தெரிந்தவர் இருந்தால் அவரிடம் முள்ளைக் கொடுங்கள். என் அத்தை திருவையாற்றுக்காரர், வாழைநாரில் கதம்பம் கட்டுகிற கை. நான் ஒரு வாரம் மல்லாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வைஸ் பக்கத்தில் உட்கார்ந்து நூலை இரண்டு விரலில் வாங்கி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பிக் கண்ணியைக் காதுக்கு மேலாக மாட்டி இழுத்தார். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பூவின் காம்பில் விழுகிற அதே கண்ணிதான்.

அந்த ஒற்றைக் கண்ணியை ஐந்து முறை, ஒவ்வொன்றையும் இறுக்கிப் போட்டு நகப்பூச்சு வைத்தால் முதல் நாளைக்குப் போதும். நூல் தன்மேலேயே நாலைந்து சுற்று ஏறி, நுனி அதற்கடியில் போய் மறையும் முழு முடிச்சைப் பிறகு பழகலாம். நீண்ட நாள் நிற்பது அதுதான்.

நூல் அடிக்கடி அறுந்துடுது.

பாதி நேரம் நூல் முள்முனையில் உரசியிருக்கும். முனையைத் தாண்டும்போது பாபினைச் சற்று முன்னே சாய்த்துச் சுற்றுங்கள். அப்படியும் அறுந்தால் பாபின் குழாயின் வாயில் பிசிறு இருக்கிறது. பாபினை மட்டும் நல்லதாக வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

நான் இடதுகைக்காரன். எல்லாத்தையும் தலைகீழா செய்யணுமா?

காது இடப்பக்கம் வருமாறு முள்ளை மாட்டுங்கள். மற்றபடி நூல் மேலாக அப்பால் போய்க் கீழாகத் திரும்புவது உங்களுக்கும் அப்படியேதான்.

கறிக்கடை இறகு நாறாதா? வீட்ல திட்டுறாங்க.

நாறும், பதம் பண்ணாவிட்டால். உதிரி இறகு என்றால் சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு இரண்டு தண்ணீர் அலசி, செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தண்டு முறுகி, சுற்றும்போது ஒடியும். நாட்டுச்சேவலின் கழுத்தைத் தோலோடு வாங்கினால் எல்லா அளவு இறகும் வரிசையாகக் கிடைக்கும். அதற்குத் தோலின் கொழுப்பைக் கத்தி முதுகால் சுரண்டி எடுத்துவிட்டு, வெண்காரப் பொடியைத் தேய்த்து, அட்டையில் குண்டூசி குத்தி விரித்துக் காயவையுங்கள்.

டப்பாவில் இரண்டு அந்துருண்டை போட மறக்காதீர்கள். பூச்சி புகுந்தால் ஒரு மழைக்காலத்தில் மொத்தமும் தூளாகிவிடும். பிராய்லர் கடையில் கேட்டு அலைய வேண்டாம். அந்தக் கோழி இறகு இளசு, வெள்ளை, குட்டை.

வெள்ளை இறகுதான் இருக்கு. கலர் ஏத்த முடியுமா?

கேசரி பவுடர். இறகும் முடியும் புரதம். புளிப்புச் சேர்ந்த சூடான தண்ணீரில் உணவுக் கலர் அதில் நன்றாகப் பிடிக்கும். ஒரு லிட்டருக்கு அரை டம்ளர் வினிகர், கால் டீஸ்பூன் கேசரி பவுடர், கொதிக்கவிடாமல் சூடு மட்டும் காட்டி இருபது நிமிடம். அதற்கு முன் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் திட்டுத் திட்டாக வரும். மஞ்சள்தூளும் ஏறும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். கறுப்புக்கு மெனக்கெட வேண்டாம், அதைச் சேவலே கொடுத்துவிடுகிறது.

'பக்டெயில்'னு போட்டிருக்கே, மான் முடி எங்க கிடைக்கும்? மயிலிறகு சேர்க்கலாமா?

பக்டெயில் என்பது அமெரிக்காவில் அனுமதியோடு வேட்டையாடப்படும் வெள்ளைவால் மானின் வால்முடி. நம் ஊரில் புள்ளிமானும் கோடியக்கரை வெளிமானும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. "ஒரு வால் இருக்கு, வாங்கிக்கிறியா?" என்று யாராவது கேட்டால் நகர்ந்துவிடுங்கள். வெள்ளாட்டு வால்முடியும் தாடிமுடியும் அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும். பொம்மையில் வரும் செயற்கை உரோமமும் சரி.

மயில் தேசியப் பறவை. அதைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். கீழே உதிர்ந்து கிடந்த தோகை என்று சொல்லலாம், ஆனால் உதிர்ந்ததா பிடுங்கியதா என்று கடையில் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் நான் தொடுவதில்லை. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற பறவைகள் சரணாலயத்தில் கிடக்கும் இறகையும் எடுத்துவராதீர்கள்.

கண் வச்சாத்தான் மீன் அடிக்குமா?

கண் இல்லாமலும் அடிக்கும். கண்ணின் முக்கிய வேலை எடை. பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா ஆற்றில் வழிகாட்டியாக இருந்த பாப் கிளவுசர் 1980-களில் டம்பெல் வடிவ ஈயக் கண்ணைத் தண்டின் மேல்பக்கம் கட்டினார். எடை மேலே இருப்பதால் தண்ணீருக்குள் ஃப்ளை கவிழ்ந்து முள்முனை மேல்நோக்கி நிற்கும். அடியில் சேறும் குச்சியும் மாட்டுவது குறையும். நிறுத்தி நிறுத்தி இழுத்தால் தலைகுத்தி இறங்கி ஏறும். பல மீன் அந்த இறக்கத்தில்தான் கவ்வுகிறது.

நமக்கு வாஷ்பேசின் அடைப்பானில் தொங்கும் குண்டுச் சங்கிலி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் ஒரு முழம் வாங்கி இரண்டிரண்டு குண்டாக வெட்டினால் வருஷத்துக்கு ஆகும். காதிலிருந்து தண்டின் கால்பாகம் தள்ளி வைத்து, எட்டு வடிவில் எதிரெதிர்க் குறுக்காகப் பத்துப் பன்னிரண்டு சுற்று. பிறகு கண்ணுக்குக் கீழே, தண்டுக்கு மேலே, கிடைமட்டமாக நாலு சுற்று இறுக்கினால் முதலில் போட்டதெல்லாம் கெட்டிப்படும். முன்னாலிருந்து பார்த்து நேராக்கிய பிறகு ஃபெவிக்விக். குண்டுச் சங்கிலி ஈயத்தைவிட லேசு, ஆகவே முள் கவிழ வேண்டுமென்றால் முடியைக் குறைவாகக் கட்டுங்கள்.

தண்ணியில இழுத்தா பம்பரமா சுத்துது, நூலெல்லாம் முறுக்கிக்குது.

கண் கோணல், அல்லது வால் தண்டின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஃபெவிக்விக் வைத்துவிட்டால் கண்ணைத் திருப்ப முடியாது, அதனால்தான் முன்னாலிருந்து பார்க்கச் சொன்னேன்.

கட்டிய ஒவ்வொன்றையும் வீட்டு சிமெண்ட் தொட்டியில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் பெட்டியில் வைப்பேன். காய்ந்த ஃப்ளை எல்லாமே லட்சணமாகத்தான் இருக்கும். நனைந்த பிறகு பாதி பருமன் குறையும்; அப்போதுதான் உண்மையான உருவம் தெரியும். நனைந்தும் குண்டாகவே இருந்தால் முடியைப் பிய்த்துக் குறையுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் பொருளை அதிகமாகத்தான் போடுகிறார்கள்.

வால் போய் முள் வளைவுல சுத்திக்குது. ஒவ்வொரு வீச்சுக்கும் எடுத்துவிட வேண்டியிருக்கு.

வால் நீளம். ஊலி பக்கரில் தண்டளவு என்று சொன்னது இதற்காகத்தான். பஞ்சை நகத்தால் கிள்ளிக் குறையுங்கள்; கத்தரித்தால் துடைப்பக்கட்டை மாதிரி மொட்டையாக நிற்கும். நீள வால்தான் வேண்டும் என்றால், வாலுக்கு அடியில் தங்கூஸில் அரை அங்குலக் கண்ணி ஒன்றைக் கிடைமட்டமாகக் கட்டுங்கள். வால் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகாயத்தாமரை, வேலம்பாசி, நெய்வேலிக் காட்டாமணக்குன்னு எல்லாத்துலயும் மாட்டுது.

விரால் இருப்பதும் அங்கேதான், வேறு வழியில்லை. 0.45 மி.மீ. தங்கூஸ் ஒரு துண்டை, வால் கட்டுவதற்கு முன்பே முள்வளைவில் கட்டிப் பின்னால் தொங்கவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அதை முள்முனைக்கு வெளியே வளைத்து முன்னே கொண்டுவந்து காதுக்குப் பின்னால் கட்டுங்கள். வளையம் முனையைவிட இரண்டு மூன்று மி.மீ. கீழே நிற்க வேண்டும். விரலால் அழுத்தினால் மடங்கி முனை வெளியே வர வேண்டும். மடங்காவிட்டால் செடியும் மாட்டாது, மீனும் மாட்டாது.

நெட்டியில தலை செஞ்சா மிதக்குமா?

மிதக்கும். தஞ்சாவூரில் பெரிய கோயில் பொம்மை செய்கிற அதே நெட்டிதான். சவரபிளேடால் வெட்டி, முன்பக்கம் சற்றுச் சரிவாகச் சீவி, தண்டில் ஒட்டுங்கள். சும்மா விட்டால் தண்ணீர் குடித்துவிடும், நகப்பூச்சு மூன்று கை வேண்டும். விரால் கடித்தால் ஒரே கடியில் நசுங்கும் என்பது நிஜம். ஆனால் தவளை குதிக்கிற மாதிரி "ப்ளக்" என்று அது எழுப்பும் சத்தத்துக்காக நான் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கொள்ளிடம் முகத்துவாரத்துல கொடுவாவுக்கு இதே போதுமா?

கைவேலை அதே, அளவும் பொருளும் மாறும். 1/0 அல்லது 2/0 முள், துருப்பிடிக்காத ஸ்டீலில். சாதாரண முள் உப்புத்தண்ணீரில் இரண்டாம் நாளே பழுத்துவிடும், பக்கத்தில் இருக்கும் நல்ல முள்ளையும் கெடுக்கும். வால்பஞ்சுக்குப் பதில் மூன்று நாலு அங்குல வெள்ளாட்டு முடி, வெள்ளை மேல் கொஞ்சம் பச்சையோ கறுப்போ, பக்கத்தில் ஜிகினா தாராளமாக. வாலுக்கடிக் கண்ணி கட்டாயம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும். ஃப்ளைக்கு முன்னால் ஓரடிக்கு 40 பவுண்டு தாங்கும் தங்கூஸ் இல்லாவிட்டால் நூல் போய்விடும். விரலையும் அங்கே விடாதீர்கள்.

பழையாறு பக்கம் போனால் படகுக்காரர்களிடம் கேட்டு நில்லுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வனத்துறைக்குக் கீழே இருக்கிறது, அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. வீடு திரும்பியதும் ஃப்ளைகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே பெட்டியை மூடுங்கள்.

குஞ்சோட நிக்கிற விராலுக்கு முன்னாடி போட்டா கண்டிப்பா அடிக்குமாமே?

அடிக்கும். செந்நிறக் குஞ்சுகள் மொத்தையாக மேலே வந்து குமிழியிடும், அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் பசி இல்லாவிட்டாலும் எதைக் கண்டாலும் பாயும். அதைப் பிடித்துவிட்டால் பத்து நிமிடத்தில் மொத்தக் குஞ்சையும் மற்ற மீன் தின்று தீர்த்துவிடும். நான் போடுவதில்லை. போடுகிறவரோடு நிற்பதும் இல்லை.

நேத்து அடிச்ச அதே ஃப்ளை, அதே இடம், இன்னைக்கு ஒண்ணுகூட இல்லை. ஃப்ளை பழசாயிடுச்சா?

ஃப்ளை அப்படியேதான் இருக்கிறது, தண்ணீர் மாறிவிட்டது. மேட்டூர் ஜூன் 12-இல் திறப்பதும் ஜனவரி 28-இல் மூடுவதும் வழக்கம். புதுத்தண்ணீர் வரும்போது ஆறு செக்கச்செவேலென்று இருக்கும். அந்தக் கலங்கலில் நிழலாகத் தெரிகிற தடித்த கறுப்பு ஃப்ளைதான் எடுபடும். மூடிய பிறகு, பிப்ரவரி மார்ச்சில் தண்ணீர் மடுக்களில் தேங்கிக் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். அப்போது பாதி முடி, வெளிர் நிறம், சின்ன முள்.

ஒரு நாளுக்குள்ளேயே மாறுவது முறைப்பாசனக் காலத்தில். உங்கள் வாய்க்காலுக்கு முறை வந்த அன்று மதகுக்குக் கீழே தண்ணீர் குமுறும், பொடிமீன் அந்த நுரையில் தடுமாறும், பெரிய மீன் அதன் விளிம்பில் காத்திருக்கும். ஈயம் சுற்றியதை அங்கே போட்டிருப்பீர்கள், அடித்திருக்கும். மறுநாள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள், ஓட்டம் நின்றுவிட்டது, அதே ஈய ஃப்ளை நேராகச் சேற்றில் போய் உட்காருகிறது. அதனால் ஒவ்வொரு உருவத்தையும் ஈயத்தோடு இரண்டு, ஈயமில்லாமல் இரண்டு என்று கட்டி வையுங்கள். ஈயம் உள்ளதற்குத் தலையில் சிவப்பு நூல், இல்லாததற்குக் கறுப்பு நூல் என்று அடையாளம் வைத்தால் அந்தி மசங்கலில் பெட்டியைத் துழாவ வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முன் லஸ்கரை (மதகு திறந்து மூடும் பாசன ஊழியர்) பார்த்தால் இன்றைக்கு எந்தத் தலைப்பு மதகு திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.